ஷேர் டிரைவ் ஒரு நாள் தெரிகிறது, ஒரு நாள் தெரியவில்லை: ஆபீஸ் நெட்வொர்க்கை ஒழுங்காகப் போடுவது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆடிட்டர் ஆபீஸ், எட்டு கம்ப்யூட்டர். ஒன்றில் இருக்கும் டி டிரைவை மற்ற ஏழும் பார்க்க வேண்டும், டாலி டேட்டாவும் எக்செல் ஃபைல்களும் அதில்தான். சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. வீடியோக்களைப் பார்த்து எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்தீர்கள், பாஸ்வேர்டு பாதுகாப்பை ஆஃப் செய்தீர்கள், எவ்ரிஒன் என்று போட்டு ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தீர்கள், கடைசியில் ஃபயர்வாலையும் அணைத்துவிட்டீர்கள். அப்படியும் புதிதாக வாங்கிய இரண்டு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் உள்ளேயே போக முடியவில்லை.

முதல் வேலை, அந்த நான்கையும் பழையபடி மாற்றுங்கள். பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் ஷேர் வேலை செய்யாமல் இருப்பதற்கே அந்த மாற்றங்களில் ஒன்றுதான் காரணம்.

எஸ்எம்பி என்பதுதான் விண்டோஸ் ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் முறை. அதன் முதல் பதிப்பு 1980களில் உருவானது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உலகம் முழுவதும் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான், அதுவும் மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அதற்கான அப்டேட்டைக் கொடுத்திருந்தும். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக வருவதில்லை, நாமாகத் தேடிப்போய்ச் சேர்த்தால்தான் உண்டு. பிறகு ஏன் இத்தனை பேர் அதை ஆன் செய்யச் சொல்கிறார்கள்? எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்பதைத் திறந்தால் ஆபீசில் உள்ள கம்ப்யூட்டர்களின் பெயர்கள் வரிசையாக வருமே, அந்தப் பட்டியலைத் தயாரித்த பழைய ஏற்பாடு எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்தது. அது போனதும் பல இடங்களில் பட்டியல் காலியாகிவிட்டது. பட்டியல் காலி என்றால் ஷேர் கெட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டும் வேறு வேறு. பட்டியலில் பெயரே இல்லாத கம்ப்யூட்டரின் ஃபோல்டரும் முகவரியை நேராக அடித்தால் திறக்கும். இப்போதைய விண்டோஸ் அந்தப் பட்டியலை ஃபங்ஷன் டிஸ்கவரி என்று தொடங்கும் இரண்டு சர்வீஸ்கள் மூலம் தயாரிக்கிறது. ஷேர் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அவற்றை ஆட்டோமேட்டிக்காக வைத்தால் பெரும்பாலும் பெயர் திரும்ப வந்துவிடும். வராவிட்டாலும் கவலை இல்லை, நாம் அந்தப் பட்டியலைப் பயன்படுத்தப் போவதே இல்லை.

அடுத்தது பாஸ்வேர்டு பாதுகாப்பை ஆஃப் செய்தது. அப்படிச் செய்தால் உள்ளே வருகிறவர் கெஸ்ட் ஆக, அதாவது யாரென்றே தெரியாத ஆளாக வருகிறார். பழைய விண்டோஸ் அதை விட்டுவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இருந்து ப்ரோ எடிஷனும் கெஸ்ட்டாகப் போய் இணைய மறுக்கிறது. அதோடு, வந்துபோகும் ஒவ்வொரு தகவலிலும் கையொப்பம், அதாவது இடையில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான அடையாளம், இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. கெஸ்ட் இணைப்பில் பாஸ்வேர்டே இல்லாததால் அந்தக் கையொப்பத்தைப் போடவும் வழியில்லை. உங்கள் புது கம்ப்யூட்டர்கள் இரண்டும் மறுப்பது இதனால்தான், அவற்றில் எந்தக் கோளாறும் இல்லை. இதற்கு ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றி கெஸ்ட்டை அனுமதிக்கச் சொல்லும் வீடியோக்களும் உங்கள் கண்ணில் படும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சரிசெய்ய வேண்டியது ஷேர் வைத்திருக்கும் கம்ப்யூட்டரை. யார் வருகிறார்கள் என்று அதற்குத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

சரி, அடியிலிருந்து போவோம். எட்டு கம்ப்யூட்டரும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்டர்நெட் கம்பெனிக்காரர் ஒரு பெட்டி வைத்திருப்பார், வைஃபை போதவில்லை என்று நீங்கள் ஒரு ரவுட்டர் வாங்கி அதில் சொருகியிருப்பீர்கள். அந்தக் கேபிள் இரண்டாவது ரவுட்டரின் வான் போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வருவதற்கான துளை) போயிருந்தால் ஆபீசுக்குள் இரண்டு நெட்வொர்க் உருவாகிவிடும். ஒரு பக்கம் 192.168.1 என்று தொடங்கும் ஐபி, மறுபக்கம் 192.168.0 என்று தொடங்கும் ஐபி. இரண்டு பக்கமும் இன்டர்நெட் வரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் மேல் பெட்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் கீழ் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஷேரை எட்ட முடியாது. லேப்டாப் எந்த வைஃபையைப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஐபி முகவரியின் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தாலே இது பிடிபட்டுவிடும். வேறாக இருந்தால், இரண்டாவது ரவுட்டரில் டிஹெச்சிபியை (கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் வசதி) அணைத்து, அதற்கு முதல் பெட்டியின் வரிசையிலேயே யாரும் பயன்படுத்தாத ஒரு ஐபி கொடுத்து, கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லான் போர்ட்டில் (கம்ப்யூட்டர்களை மாட்டும் துளை) போடுங்கள். சில ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் இத்தனையையும் அதுவே செய்துகொள்ளும். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கெஸ்ட் வைஃபையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் எதுவும் இருக்கக் கூடாது. அதில் ஒன்று மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் தடுத்தே வைத்திருப்பார்கள்.

ஷேர் வைத்திருக்கும் கம்ப்யூட்டரின் ஐபி மாறவே கூடாது. ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில், அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் 192.168.1.50 தான் என்று எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே போய் எண்ணை அடித்து வைப்பதைவிட இது நல்லது, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், வேறு எந்த போனும் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாது. அந்தக் கம்ப்யூட்டர் கண்டிப்பாகக் கேபிளில் இருக்க வேண்டும், வைஃபையில் வேண்டாம். அதன் ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள். மதியம் சாப்பிட்டு வந்தால் டிரைவ் காணோம் என்ற புகாரில் பாதி இந்த ஸ்லீப்தான்.

அப்புறம் நெட்வொர்க் ப்ரொஃபைல். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பப்ளிக் அல்லது பிரைவேட் என்று பிரித்து வைக்கிறது. பப்ளிக் என்றால் பேருந்து நிலைய வைஃபை போல எண்ணி, வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஃபயர்வால் தடுத்துவிடும். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க் என்று நினைத்து மீண்டும் பப்ளிக்கில் போட்டுவிடும். செட்டிங்ஸில் ஈதர்நெட் என்பதைத் திறந்து பிரைவேட் என்று மாற்றுங்கள், அட்வான்ஸ்டு ஷேரிங்கில் பிரைவேட்டுக்குக் கீழே ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆனில் இருக்கட்டும். இவ்வளவு செய்தால் ஃபயர்வாலை அணைக்கவே தேவையில்லை, அதற்கு வேண்டிய வழியை அதுவே திறந்துவிடும். தனியாக ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம். அங்கேயும் இந்த நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும்.

வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க, மறுமுனை பதில் சொல்கிறதா என்று கேட்கும் பிங் கட்டளை மட்டும் போதாது. இன்னொரு கம்ப்யூட்டரில் பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் அந்த ஐபியையும் போர்ட் 445-ஐயும் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் கேபிள், ரவுட்டர், ஃபயர்வால் மூன்றும் சரி, மீதிப் பிரச்சினை லாகினில்தான். ஃபால்ஸ் என்று வந்தால் லாகின் பக்கம் போகவே வேண்டாம், மேலே சொன்னவற்றில்தான் எங்கோ அடைப்பு. இந்த ஒரு சோதனை உங்கள் நேரத்தை நிறைய மிச்சப்படுத்தும். பிழைச் செய்தியும் இதையே சொல்லும். 53 என்றோ 80070035 என்று முடியும் எண்ணோ வந்தால் வழியே கிடைக்கவில்லை. 1326 வந்தால் வாசல்வரை போயாகிவிட்டது, பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. வெறும் 5 என்றால் ஆளைத் தெரிந்துகொண்டது, ஆனால் அந்த ஃபோல்டருக்குள் விட அனுமதி இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஷேர் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு லோக்கல் யூசர் உருவாக்குங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத யூசர் என்று தேர்ந்தெடுத்தால் போதும். அட்மின் ஆக்க வேண்டாம், ஸ்டாண்டர்டு போதும். எட்டு பேருக்கும் சேர்த்து ஒரே யூசர் வைத்தால் வேலை சுலபம் என்று தோன்றும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கும் இடம் அது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் யூசரை மட்டும் நிறுத்தினால் முடிந்தது. ஒரே யூசர் என்றால் எல்லா கம்ப்யூட்டரிலும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும், அதை யாரும் செய்வதில்லை, போனவரிடம் சாவி இருந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் மூன்று விஷயம் ஆட்களைச் சுற்றலில் விடுகிறது. ஒன்று, பாஸ்வேர்டு இல்லாத யூசரை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது, எனவே ஏதாவது ஒரு பாஸ்வேர்டு கட்டாயம். இன்னொன்று, நாலு எண் பின் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான். நெட்வொர்க்கில் பாஸ்வேர்டு கேட்கும்போது பின்னை அடித்தால் தப்பு என்றே வரும். மூன்றாவது, உங்கள் கம்ப்யூட்டர் உங்களைக் கேட்காமலே, நீங்கள் உள்ளே வந்த பெயரையும் பாஸ்வேர்டையும்தான் முதலில் அங்கே அனுப்பிப் பார்க்கும். அதனால் பாஸ்வேர்டு பெட்டி வரும்போது வேறொரு கணக்கு என்பதை அழுத்தி, யூசர் பெயருக்கு முன்னால் ஷேர் இருக்கும் கம்ப்யூட்டரின் பெயரையும் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் சேர்த்து அடியுங்கள். இந்தப் பெயர் எந்தக் கம்ப்யூட்டரைச் சேர்ந்தது என்பது அப்போது தெளிவாகிவிடும்.

ஃபோல்டர் பக்கம். டி டிரைவ் முழுவதையும் ஷேர் செய்ததை நீக்கிவிடுங்கள். உள்ளே ஒரு ஃபோல்டர் போட்டு, அதை மட்டும் பகிருங்கள். டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ இருக்கும் ஃபோல்டரைப் பகிர வேண்டாம், அவை ஒருவரின் சொந்தக் கணக்குக்குள் இருப்பவை, அனுமதிகள் சிக்கிக்கொள்ளும். அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஷேரிங் டேபில் ஒன்று, செக்யூரிட்டி டேபில் ஒன்று. நெட்வொர்க்கில் வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும், இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தும் உள்ளே விடவில்லை என்று புலம்புகிறவர்கள் செக்யூரிட்டி டேபைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நான் பரிந்துரைப்பது இது: ஷேரிங்கில் எவ்ரிஒன்னை எடுத்துவிட்டு ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு சேஞ்ச் வரை கொடுங்கள், யார் எதைப் பார்க்கலாம் என்பதை முழுக்க செக்யூரிட்டி டேபில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாடிஃபை போதும். ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தால் அவர் அனுமதிகளையே மாற்றலாம். ஒரு ஃபோல்டரில் எல்லாம் திறக்கிறது, ஒரே ஒரு ஃபைல் மட்டும் திறக்கவில்லை என்றால், யாரோ அதை அந்தக் கம்ப்யூட்டரிலேயே வேறு ஃபோல்டரிலிருந்து கட் செய்து போட்டிருப்பார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தும் ஃபைல் தன் பழைய அனுமதிகளோடு வந்துவிடும், காப்பி செய்தால் புது இடத்தின் அனுமதிகளை வாங்கிக்கொள்ளும்.

இனி மற்ற ஏழு கம்ப்யூட்டர்கள். எக்ஸ்ப்ளோரரில் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்று அடித்து எண்டர் தட்டினால் ஷேர் தெரிய வேண்டும். தெரிந்தால் மேப் நெட்வொர்க் டிரைவ் போட்டு, சைன்-இன் ஆகும்போது மீண்டும் இணை என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே எழுத்தாக, இசட் என்றால் எல்லாவற்றிலும் இசட் ஆக இருக்கட்டும். ஒருவருக்கு இசட், இன்னொருவருக்கு ஒய் என்றிருந்தால் ஒரு எக்செல் ஃபைலிலிருந்து இன்னொன்றை எடுக்கும் ஃபார்முலாக்கள் வரிசையாக உடையும். இணைக்கும்போது 1219 என்ற பிழை வந்தால், அதே கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே வேறு பெயரில் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே சர்வருக்கு, அதாவது ஷேர் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு, ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது. நீங்கள் முன்பு கெஸ்ட்டாகச் சேமித்தவை உள்ளே கிடக்கும் என்பதால் உங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். பழைய மேப்பிங்குகளை டிஸ்கனெக்ட் செய்து, கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து அந்த ஐபியின் பெயரிலும் கம்ப்யூட்டர் பெயரிலும் இருப்பதையெல்லாம் அழித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மீண்டும் இணையுங்கள்.

காலையில் ஆன் செய்ததும் டிரைவின் மேல் சிவப்பு எக்ஸ் குறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் வேகமாக எழுந்துவிட்டது, நெட்வொர்க் இன்னும் எழவில்லை, அவ்வளவுதான். டிரைவை டபுள் கிளிக் செய்தால் திறந்துவிடும். பகலில் அப்படிக் குறி வந்தாலும் இதே கதை, வேலை இல்லாத இணைப்பைச் சர்வர் பக்கம் 15 நிமிடத்தில் துண்டித்து வைக்கும், தொட்டால் மீண்டும் சேரும்.

டாலியைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள், எக்ஸ்ப்ளோரரில் இசட் டிரைவ் தெரிகிறது, டாலிக்குள் மட்டும் இல்லை என்று. டாலியின் ஐகானில் ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அட்மினாக ஓடும் ப்ரோகிராமுக்கும் சாதாரணமாக ஓடும் ப்ரோகிராமுக்கும் விண்டோஸ் தனித்தனி லாகின் வைத்துக்கொள்கிறது, ஒன்றில் மேப் செய்த டிரைவ் மற்றொன்றுக்குத் தெரியாது. அந்த டிக்கை எடுத்துவிடுவதே சரியான வழி. அது முடியாத சூழல் என்றால் டேட்டா இருக்கும் இடமாக இசட் என்று கொடுக்காமல் \\192.168.1.50 என்று தொடங்கும் முழு முகவரியையே கொடுங்கள். பல பேர் ஒரே டேட்டாவில் வேலை செய்ய டாலிபிரைமில் கோல்டு லைசென்ஸ் வேண்டும், சில்வர் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். டாலியை வைஃபையில் ஓட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி சிக்னல் போனாலும் டேட்டா கெடக்கூடும். இதே காரணத்துக்காக யுபிஎஸ்ஸில் சர்வரை மட்டும் மாட்டாமல் ஸ்விட்சையும் ரவுட்டரையும் சேர்த்து மாட்டுங்கள். கரண்ட் போகும்போது சர்வர் உயிரோடு இருந்து ஸ்விட்ச் செத்துவிட்டால், டாலியைப் பொறுத்தவரை சர்வரே போனது போலத்தான்.

வேகம் குறைவு என்றால் சாஃப்ட்வேரைத் தோண்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். ஈதர்நெட் ஸ்டேட்டஸில் லிங்க் ஸ்பீடு 1000 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும். 100 என்று காட்டினால் நொடிக்கு 12 மெகாபைட்டுக்கு மேல் போகாது, கிகாபிட் என்றால் 110 வரை போகும். கேபிளுக்குள் எட்டு கம்பி இருக்கும். 100-க்கு நாலு கம்பி போதும் என்பதால் சிலர் நாலை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டு, அதாவது முனையில் இருக்கும் பிளக்கில் பொருத்திவிட்டு, போய்விடுகிறார்கள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை தாங்கும், கேட் 6 கேட்டு அலைய வேண்டியதில்லை, இருக்கும் கேபிளின் முனையை ஒழுங்காகக் கிரிம்ப் செய்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழைய ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மட்டுமானதாக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

எக்செல் ஃபைல் ரீட் ஒன்லியாகத் திறப்பது பிழை இல்லை, இன்னொருவர் அதைத் திறந்து வைத்திருக்கிறார். யாருமே திறக்கவில்லை என்று எல்லோரும் சொன்னால், சர்வர் கம்ப்யூட்டரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸில் ஓப்பன் ஃபைல்ஸைப் பாருங்கள், யார் பெயரில் திறந்திருக்கிறது என்று வரும். தனித்தனி யூசர் வைத்திருந்தால்தான் அங்கே ஆள் பெயர் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆபீஸ்கள் உண்மையிலேயே அழுகின்றன. நெட்வொர்க் டிரைவில் இருந்து அழிக்கும் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். அதேபோல் ஏழு கம்ப்யூட்டரில் ஏதாவது ஒன்றில் ரான்சம்வேர் நுழைந்தால், அந்த ஊழியரால் எதையெல்லாம் மாற்ற முடியுமோ அதையெல்லாம் இசட் டிரைவிலும் பூட்டிவிடும். பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்கும் அதே ஷேரில் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். எனவே பேக்கப் டிஸ்க்கை ஷேர் செய்யவே கூடாது. இரண்டு வெளி டிஸ்க் வாங்குங்கள், வாரம் மாற்றி வாரம் மாட்டுங்கள், மாட்டாத டிஸ்க் ஆபீஸ் கட்டடத்திலேயே இருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கம்பெனியின் டேட்டாவை எடுத்து வேறு இடத்தில் திறந்து பாருங்கள், திறக்காத பேக்கப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று ரவுட்டரில் போர்ட் 445-ஐ வெளி உலகத்துக்குத் திறக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், அதற்கு வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன் இருக்கிறது.

சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரைதான் அனுமதி, உங்கள் ஏழுக்கு அது தாராளம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்றால், அவர் ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஏழு பேரின் வேலையும் நிற்கும். கை கொஞ்சம் தாராளமாக இருக்கும்போது இரண்டு டிஸ்க் போடும் நாஸ் (ஃபைல்களைப் பகிர்வதற்கென்றே நெட்வொர்க்கில் மாட்டும் பெட்டி) ஒன்று வாங்குங்கள், எக்செல், ஸ்கேன், பிடிஎஃப் எல்லாம் அதற்குப் போகட்டும். அதில் ஸ்னாப்ஷாட் வசதி, அதாவது ஃபைல்களின் அப்போதைய நிலையை அவ்வப்போது பதிந்து வைக்கும் வசதி, இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அழிந்த ஃபைலும் ரான்சம்வேர் பூட்டிய ஃபைலும் பழைய நிலையில் திரும்பக் கிடைக்க அது உதவும். இரண்டு டிஸ்க்கில் ஒரே டேட்டா இருப்பது பேக்கப் ஆகாது, ஒன்றில் அழிந்தால் இரண்டிலும் அழியும், எனவே வெளி டிஸ்க் பழக்கத்தை விட வேண்டாம். நாஸையும் இன்டர்நெட் பக்கம் திறந்து வைக்காதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் அப்படித் திறந்து கிடந்த, க்யூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளைத்தான் குறிவைத்தது.

நாஸ் வரும் நாளில் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவதாக இருந்தால், பழைய கம்ப்யூட்டருக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டு 192.168.1.50-ஐ நாஸுக்குக் கொடுங்கள், ஷேரின் பெயரையும் யூசர் பெயர்களையும் அப்படியே வையுங்கள். ஏழு கம்ப்யூட்டரிலும் பாஸ்வேர்டு மட்டும் இன்னொரு முறை கேட்கலாம், இசட் டிரைவும் எக்செல் ஃபார்முலாக்களும் இருந்தபடியே இருக்கும்.